கழுதை இரண்டு முறை செத்த நாவல்

அந்த நாவலைப் பற்றி மூன்று பேர் என் கருத்தைக் கேட்டார்கள். எங்கள் வாசகர் வட்டத்தின் செயலாளர் கேட்டது, நல்லபடியாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்ற பொருளில். எழுத்தாளர் கேட்டதும் அதே பொருளில்தான். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டவர் எழுத்தாளரின் மனைவி ஒருவர்தான். அவருக்கு அதில் ஒரு காரியம் இருந்தது.

முதலில் புத்தகம். ஆயிரத்து நூறு பக்கங்களுக்குச் சற்று மேல். இரண்டாம் உலகப்போர். பெங்களூர் கண்டோன்மென்டில் வளர்ந்த தமிழ் இளைஞன் ராணுவத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து பர்மாவுக்குப் போகிறான். ஜப்பான்காரர்கள் வந்ததும் காடு, மலை, ஆறு எல்லாம் கடந்து நடந்தே திரும்புகிறான். இங்கே ஒருத்தி அவனுக்காகக் காத்திருக்கிறாள். கதை இவ்வளவுதான். இவ்வளவு இருந்தால் நல்ல நாவல் எழுதலாம். எழுதாமலும் இருக்கலாம்.

நான் குடியிருக்கும் வைட்ஃபீல்ட் அடுக்ககத்தில் தமிழர்கள் நிறையப் பேர். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடத்தி, அது சண்டையில் முடிந்த பிறகு, சண்டை வராத ஒன்றாக இருக்கட்டும் என்று வாசகர் வட்டம் தொடங்கினார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, கிளப் ஹவுஸில், யோகா வகுப்புக்காரர்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு போன பிறகு. செயலாளர் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் மேலாளர். வட்டத்தையும் ஒரு புராஜெக்ட் போலவே நடத்துவார். புத்தகத்துக்குக் கெடு உண்டு, நினைவூட்டல் உண்டு, முடிவில் ‘அனைவருக்கும் நன்றி, சிறப்பான பங்களிப்பு’ உண்டு. புத்தகத்தை வாசித்தோமா என்பது மட்டும் அந்த முறையில் எங்கேயும் வராது.

எழுத்தாளர் நம்ம ஊர்க்காரர், ஒக்கலிபுரத்தில்தான் இருக்கிறார், அழைத்தால் வருவார் என்பதால் இந்த நாவல் தேர்வானது. செயலாளர் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே கட்டாக வாங்கிவந்து வீடு வீடாகக் கொடுத்தார். என்னிடம் கொடுத்தபோது இரண்டு கையாலும் நீட்டினார். மரியாதைக்காக அல்ல, கனம் அப்படி.

என் வேலை மென்பொருளைச் சோதிப்பது. பிறர் எழுதியது எங்கே உடைகிறது என்று பார்த்து, உடைந்த இடத்தைக் குறித்து, எவ்வளவு மோசம் என்று தரம் பிரித்து, எழுதியவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். இதற்குச் சம்பளம் தருகிறார்கள். இலவசமாகச் செய்தால்தான் மனிதர்களுக்குக் கோபம் வருகிறது.

அலுவலகப் பேருந்தில் வாசித்தேன். வெளிவட்டச் சாலையின் நெரிசல் பெரிய நாவல்களை நம்பியே உண்டாக்கப்பட்டது என்று தோன்றும். பக்கத்து இருக்கையில் வரும் கன்னடப் பெண் முதல் நாளே புத்தகத்தைப் பார்த்து, எந்தப் பரீட்சைக்குப் படிக்கிறாய் என்று விசாரித்தாள். நாவல் என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, தன் டிபன் டப்பாவை அதன் மேல் வைத்துத் திறந்து இட்லி சாப்பிட்டாள். பின்னால் பலர் பல மேடைகளில் அந்நாவலைப் பற்றிச் சொன்னதை யூடியூபில் கேட்டேன். அவ்வளவு பயனுள்ள கருத்து எதுவும் அதில் இல்லை.

பேருந்து நிற்கும் நேரமெல்லாம் குறைகளைக் கைப்பேசியில் குறித்து வந்தேன். நிலவு. நாயகன் காட்டில் நடக்கும் மூன்று வாரமும் பௌர்ணமி. பிறகு மொழி. வெள்ளைக்காரக் கர்னல், பர்மியப் படகுக்காரன், கண்டோன்மென்டில் டீ விற்பவர் மூவரும் ஒரே தமிழாசிரியரிடம் படித்தவர்கள்போலப் பேசுகிறார்கள். மூன்றாவது, எதிர்காலம் தெரிந்தவர்களின் கூட்டம். ‘இப்போர் இன்னும் மூன்றாண்டுகள் நீடிக்கும் என்று என் உள்மனம் உரைக்கிறது’ என்று நாயகன் 1942-இல் சொல்கிறான். அவ்வளவு தெரிந்தவனுக்கு எதிரே பாம்பு வருவது தெரியவில்லை. நான்காவது துப்பாக்கி. அதைக் கழற்றி, துடைத்து, மாட்டுவது இரண்டரைப் பக்கம். மாட்டிய பிறகு அவன் அதைச் சுடவே இல்லை, குமாஸ்தா அல்லவா.

நாயகி எனக்குத் தனியாகவே வேலை வைத்தாள். கண்டோன்மென்ட் வீட்டின் மாடிச் சன்னலில் அவனுக்காக இரவெல்லாம் விளக்கேற்றி வைக்கிறாள். அது விளக்கணைப்புக் காலம் என்றும், சன்னலில் கறுப்புத் துணி மாட்டாதவர்களைப் போலீஸ் எச்சரித்தது என்றும் எழுத்தாளரே முன் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார். ஊரே இருட்டில் கிடக்க, ஜப்பான் விமானத்துக்கு வழிகாட்டுவதுபோல ஒருத்தி விளக்கோடு நிற்கிறாள். அவளை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. கவிதை மாதிரி நிற்பவர்களைப் போலீஸ் தொடாது போலும்.

எல்லாவற்றுக்கும் மேலாக அடைமொழிகள். இந்த எழுத்தாளர் எந்தப் பொருளையும் தனியாக வெளியே அனுப்ப மாட்டார். மூன்று அடைமொழியாவது துணைக்குப் போக வேண்டும். மழை வந்தால் அது ‘ஓயாத, இரக்கமற்ற, ஈயநிற’ மழை. நாயகனோடு வரும் கோவேறு கழுதை ‘பொறுமையான, பெருவிழிகள் கொண்ட, பேசாத’ கழுதை. பேசும் கழுதைகளிலிருந்து வேறுபடுத்திக் காட்ட வேண்டிய தேவை இருந்திருக்கலாம்.

அந்தக் கழுதை ஐந்நூற்று நாற்பதாம் பக்கத்தில் சேற்றில் விழுந்து செத்தது. நாயகன் அதன் காதில் நன்றி சொல்லிவிட்டு நடந்தான். நான்கு பக்கம் தள்ளி ஆற்றங்கரைக்கு வந்தான். வெள்ளம். பின்னால் குண்டுச் சத்தம். ‘அவன் வலது காலை நீரில் வைத்த’ என்று பக்கம் முடிந்தது. திருப்பினேன். கழுதை உயிரோடு நின்றது.

இது நவீன உத்தி என்று நினைத்தேன். நீரில் கால் வைத்தவனுக்கு நினைவு பின்னோக்கி ஓடுகிறது, நடந்ததை அதே சொற்களால் திரும்ப வாழ்கிறான். எழுத்தாளர் மேல் முதன்முறையாக எனக்கு மரியாதை வந்தது. கழுதை மறுபடி சேற்றில் விழுந்தது. மறுபடி நன்றி. மறுபடி வலது கால். அப்போதுதான் பக்க எண்ணைப் பார்த்தேன். பெரிய தாளில் பதினாறு பக்கங்களாக அச்சிட்டு மடிப்பார்கள், அதற்கு ஃபாரம் என்று பெயர். அப்படிப்பட்ட ஃபாரங்களை அடுக்கித் தைத்தால் புத்தகம். அடுக்கியவர் 529 முதல் 544 வரையுள்ள ஃபாரத்தை இரண்டு முறை வைத்துவிட்டு, அடுத்ததை விட்டுவிட்டார். 545 முதல் 560 வரை என் புத்தகத்தில் இல்லை. ஆறு அங்கேதான் போயிருந்தது. 561-இல் நாயகன் அக்கரையில் ஈரமாக நிற்கிறான்.

வட்டத்தின் வாட்ஸாப் குழுவில், உங்கள் புத்தகத்தில் 545-ஆம் பக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும், கேள்வி தப்பு. பதில்கள் வந்தன. இரண்டு கட்டைவிரல்கள், ஒரு கைகூப்பல். ‘அருமையான இடம், கண்கள் பனித்தன’ என்று ஒருவர். சந்தேகத்துக்கு எதிர்வீட்டில் இரவல் வாங்கிப் பார்த்தேன், கிளப் ஹவுஸ் அலமாரியில் இருந்ததையும் பார்த்தேன். இரண்டிலும் கழுதை இரண்டு முறை செத்தது. ஒரே கட்டு, ஒரே பைண்டிங். பக்கங்கள் மட்டும் கடைப் புத்தகம்போல மொறமொறப்பாக இருந்தன.

விழா நாளன்று எழுத்தாளரும் மனைவியும் மெட்ரோவில் வந்து இறங்கினார்கள். எழுபது வயதுக்கு மேல் நிமிர்ந்த உடம்பு, கதர் ஜிப்பா, புகைப்படம் எடுக்கப்படுவதற்கு எப்போதும் தயாரான முகம். செயலாளர் அவரை அழைத்துப்போய் சால்வை, மைசூர் பேட்டா என்கிற சரிகைத் தலைப்பாகை, பழக்கூடை என்று நம்மூர் முறைப்படி எல்லாவற்றையும் ஏற்றினார். காப்பி பொறுப்பு என்னுடையது. பின்னால் இருந்த சின்ன சமையலறையில் ஃபிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தபோது அந்த அம்மாள் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“நீதானே கண்ணு வாட்ஸாப்ல பக்கத்தைப் பத்திக் கேட்ட பொண்ணு? செயலாளர் இவர்கிட்ட பெருமையா காமிச்சார், பாருங்க எவ்வளவு ஆழமா படிக்கிறாங்கன்னு. நீ நெஜமாவே முழுசா படிச்சியா? சும்னே கேக்கல.”

படித்தேன் என்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அவர் சொன்னது இது. அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கை ஓயும் என்று நினைத்த மாதத்தில் கணவர் நாவலைத் தொடங்கிவிட்டார். அவருக்கு நடந்துகொண்டே சொன்னால்தான் வரும். இவர் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாலும் சரி, குளித்துவிட்டு வந்தாலும் சரி, வரி வந்துவிட்டால் ஓட வேண்டும். பர்மாவிலிருந்து அந்தப் பையன் நடந்த தூரத்தைக் கணவர் வீட்டு ஹாலிலேயே நடந்துவிட்டார் என்றார். ஒன்பது வருடம். மைசூரில் தங்கை தனியாக இருக்கிறார், மூட்டு வலி, வந்து கொஞ்ச நாள் இரு என்று வருடா வருடம் கூப்பிடுகிறார். முதல் பாகம் முடியட்டும், முடிந்ததும் விழாக்கள் முடியட்டும் என்று இவரும் வருடா வருடம் சொல்லியிருக்கிறார்.

“முதல் பாகம் நாப்பத்து மூணுலயே நின்னுடுச்சு. சண்டை முடிய இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி கெடக்கு. இன்னைக்கு எல்லாரையும் கேக்கப் போறார், ரெண்டாம் பாகம் எழுதட்டுமான்னு. எல்லாரும் எழுதுங்க எழுதுங்கம்பாங்க. ஒருத்தராவது வேணாம்னு சொன்னா விட்டுடுவார், ரோஷக்காரர்.”

பொய் சொல்லச் சொல்கிறீர்களா என்று கேட்டேன்.

“பொய் எதுக்கு? உனக்குப் பிடிச்சுதா?”

இல்லை என்றேன். அந்த அம்மாள் முகம் மலர்ந்து இரண்டு டம்ளர் காப்பியை அவரே எடுத்துக்கொண்டு போனார். ஒரு நாவலைப் பிடிக்கவில்லை என்று சொல்லி ஒரு குடும்பத்தை அவ்வளவு மகிழ்வித்ததை நான் முன்பு பார்த்ததில்லை.

கூட்டம் தொடங்கியது. செயலாளர் பின்னட்டையில் உள்ளதை, தன் சொந்தக் கருத்துபோல இடையிடையே யோசித்து யோசித்துப் பேசினார். ‘போரின் பேரவலத்தை மனித மனத்தின் நுண்தளத்தில்’ என்று அவர் தேடிக் கண்டடைந்த சொற்றொடர் என் மடியில் இருந்த பிரதியில் தடித்த எழுத்தில் கிடந்தது. இன்னொருவர் நாவலின் கனபரிமாணம் தன்னைப் பிரமிக்க வைத்தது என்றார். அதை நம்பினேன், தூக்கிப் பார்த்திருப்பார். அடுத்து வந்தவர் கண்கள் பனித்தவர். பி ப்ளாக், சந்தைப்படுத்தல் துறை. ஆற்றைக் கடக்கும் காட்சியில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பால்கனியில் போய் நின்றேன், அந்த வெள்ளத்தின் குளிர் என் காலில் ஏறியது என்றார். எழுத்தாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆற்றைக் கடந்தது பற்றிப் பின்னட்டையிலும் ஒரு வரி உண்டு.

பிறகு எழுத்தாளர், சபையோர் விருப்பத்தை அறிய விரும்புகிறேன், இரண்டாம் பாகம் எழுதலாமா என்று கேட்டார். எழுதுங்க சார், கட்டாயம் எழுதணும் சார் என்று குரல்கள். முன்வரிசையில் அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எழுந்து, என் கருத்து வேறு என்றேன். நிலவில் தொடங்கினேன். கர்னலின் தமிழ், நாயகனின் தீர்க்கதரிசனம், துப்பாக்கி, சன்னல் விளக்கு என்று வரிசையாகப் பக்க எண்ணோடு சொன்னேன். குரலை உயர்த்தவில்லை, அலுவலகத்தில் பழகிவிட்டது. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுத்தாளரின் முகம் பேட்டாவுக்குக் கீழே சிவந்துகொண்டே வந்தது. விளக்குக்கு மட்டும் பதில் சொன்னார், அது குறியீடு என்று. குறியீட்டுக்கும் விளக்கணைப்புச் சட்டம் உண்டு சார் என்றேன். கடைசியாக, இதில் ஒன்று மட்டும் உங்கள் தவறு அல்ல என்று புத்தகத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் திருப்பினார். கழுதை விழுந்தது. திருப்பினார். கழுதை நின்றது. முன்னால் போனார், பின்னால் போனார், பேட்டாவைக் கழற்றிப் பழக்கூடை மேல் வைத்தார்.

“ஆறு எங்கம்மா?”

“இல்ல சார். பைண்டிங்ல விட்டுப்போச்சு. எல்லாப் புத்தகத்துலயும்.”

“அப்ப அவன் அக்கரைக்கு எப்படிப் போனான்னு நெனச்ச?”

“அடுத்த பக்கத்துல ஈரமா நிக்கிறான் சார். அதை வெச்சுப் புரிஞ்சுகிட்டேன்.”

கிளப் ஹவுஸில் பக்கங்கள் புரளும் சத்தம் எழுந்தது. வட்டம் தொடங்கியதிலிருந்து அத்தனை பேர் ஒரே நேரத்தில் வாசித்தது அன்றுதான். சந்தைப்படுத்தல் துறை தன் பிரதியை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு வேறு எங்கோ பார்த்தது. எழுத்தாளர் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வரிசையாக எல்லோரையும் பார்த்தார். ஒரே பதிப்பு, மொத்தமும் ஒரே இடத்தில் பைண்டிங். புத்தகம் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மூன்று ஊர்களில் பாராட்டு விழா, ஒரு பரிசு, பத்திரிகைகளில் மதிப்புரைகள். ஒருவரும் ஆறு இல்லை என்று சொன்னதில்லை.

நீங்களும் பார்க்கவில்லையா சார் என்று கேட்டேன். அச்சான பிறகு தன் எழுத்தைத் தான் வாசிப்பதில்லை, அது கொள்கை என்றார். முன்வரிசையில் அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

இப்போது முடித்துவிட வேண்டும் என்று, ஆகவே இரண்டாம் பாகம் வேண்டாம் என்பது என் பணிவான கருத்து என்றேன். அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. என் புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒன்பது வருஷம் எழுதினதை ஒருத்தர் படிச்சிருக்கீங்க. போதும்மா. எழுதறேன். ஒவ்வொரு அத்தியாயமும் மொதல்ல உங்களுக்குத்தான்.”

கைதட்டினார்கள். வாசிக்காதவர்கள் தப்பித்த நிம்மதியில் மிகவும் பலமாகத் தட்டினார்கள். அந்த அம்மாள் மட்டும் தட்டவில்லை. சமையலறையில் மலர்ந்த முகம் அப்படியே மூடிக்கொண்டது. கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. மைசூரை இன்னொரு வருடம் தள்ளிவைத்துவிட்டு மடியில் கைகளைக் கோத்து விரல்களை நீவிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் விட்டுவிடுவார் என்று அவர் போட்ட கணக்கில் ஒன்று விடுபட்டிருந்தது. வேண்டாம் என்று சொல்வதற்கு முன் நான் முழுவதையும் வாசித்துத் தொலைத்திருந்தேன்.

அந்த விரல்களைப் பார்த்துத்தான் எனக்கு வழி தெரிந்தது.

சரி சார், வாசிக்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றேன். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார். அந்த நேரத்தில் கேட்டிருந்தால் நாயகனையே மாற்றியிருப்பார்.

“நீங்களே டைப் பண்ணணும். வேற யார் கையும் படக்கூடாது. ஆன்ட்டி அடிச்சுக் குடுத்தா நான் படிக்க மாட்டேன்.”

தனக்குத் தட்டச்சு வராதே என்றார். சொல்லித்தருகிறேன் என்றேன். நடந்துகொண்டே சொன்னால்தான் வரும் என்றார். நாயகன் நடந்தது போதும் சார், இனி உட்காரட்டும் என்றேன். அவர் யோசிப்பதற்குள் அந்த அம்மாள் எழுந்தே விட்டார்.

“ஒத்துகிட்டார். எல்லாரும் கேட்டீங்க இல்ல? செயலாளர் சார், இதை எழுதி வெச்சுக்குங்க.”

எதையாவது சரிசெய்துவிடத் துடித்துக்கொண்டிருந்த செயலாளர் உடனே கூட்டக் குறிப்பில் சேர்த்தார். அன்றைக்கே கிளப் ஹவுஸ் சோபாவில் வைத்து அவருடைய கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையை ஏற்றிக்கொடுத்தேன். ஒற்றை விரலால் ‘மழை’ என்று அடித்து முடிக்க அவருக்கு ஒரு காப்பி ஆறும் நேரம் ஆனது. அந்த அம்மாள் அடுத்த வாரமே மைசூருக்கு ரயிலேறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

விடுபட்ட பதினாறு பக்கங்களை எழுத்தாளர் பிடிஎஃப் ஆக அனுப்ப, செயலாளர் அதைக் குழுவில் போட்டார். போட்ட மறு நிமிடமே ‘அற்புதம், கண்கள் பனித்தன’ என்று பதில் வந்தது. நான் பதினாறையும் படித்தேன். ஓயாத, இரக்கமற்ற, ஈயநிற ஆற்றை அவன் பதினாறு பக்கங்களுக்குக் கடக்கிறான், நடுவில் நின்று நாகரிகங்களைப் பற்றிச் சிந்திக்கிறான். ஈரமாக நின்ற ஒற்றை வரியே போதுமானதாக இருந்தது. அந்த நாவலில் எடிட்டர் வேலை பார்த்தவர் ஃபாரம் அடுக்கியவர் ஒருவர்தான்.

இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயம் ஒரு மாதம் கழித்து வந்தது. ஒன்றரைப் பக்கம். பயத்தோடு திறந்தேன். ‘மழை. ஸ்டேஷனில் இறங்கினான். அவள் வந்திருக்கவில்லை. கழுதை ஞாபகம் வந்தது. நடந்தான்.’ நான் பேருந்து இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து மறுபடி படித்தேன். அடைமொழிகள் என்ன ஆயின சார் என்று கேட்டு அனுப்பினேன். நீண்ட நேரம் ‘டைப்பிங்’ என்று காட்டிக்கொண்டிருந்துவிட்டுப் பதில் வந்தது: ‘விரல் வலிக்கிறது.’

அன்று மாலை மைசூரிலிருந்து அந்த அம்மாள் கூப்பிட்டார். பின்னால் தங்கையும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள், டிவி ஓடியது. தங்கையின் மூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, அந்த அத்தியாயம் வந்ததா, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

“நல்லா இருக்கு ஆன்ட்டி. நெஜமாவே.”

அந்தப் பக்கம் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

“அவர்கிட்ட சொல்லிடாதே கண்ணு,” என்றார். “வேகம் வந்துடும்.”